மலைக்கிராமத்தில் தன்னார்வத் தீயணைப்புக் குழு: முழுமையான வழிகாட்டி

சமவெளியில் தீப்பிடித்தால் சற்று நேரத்தில் வண்டி வந்து நிற்கும். மலையில் அப்படி இல்லை. அடிவாரத்தில் கிளம்பும் வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறி, எதிரே வரும் வாகனங்களுக்கு ஒதுங்கி, ஊருக்குள் நுழைவதற்குள் தீ ஒரு முழுச் சரிவைத் தின்று முடித்திருக்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. சம்பளம் வாங்காத தீயணைப்பு வீரர்கள் உலகெங்கும் இருப்பது இதனால்தான். சிலி நாட்டில் 1851-இல் வால்பராய்சோ நகரில் தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது. அங்கே தீயணைப்புப் படையே கிட்டத்தட்ட முழுக்கத் தன்னார்வலர்களால் ஆனது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களிலும் கிராமப்புறத் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரில் அப்படியொரு குழுவை எப்படித் தொடங்குவது, என்ன கருவி சேர்ப்பது, தீ வரும் நாளில் எதைச் செய்வது, போன பிறகு எதைக் கவனிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊர்க் குழுவிடம் இருப்பவை சில மண்வெட்டிகளும், முதுகில் சுமக்கும் பம்புகளும், நல்ல மனசும்தான். காட்டுத் தீ இவற்றையெல்லாம்விடப் பெரியது. அதனால் எந்தத் திட்டத்தையும் 'எப்படி அணைப்பது' என்று தொடங்காதீர்கள், 'எப்படித் திரும்பி வருவது' என்று தொடங்குங்கள். இதைக் கோழைத்தனம் என்று குழுவில் யாராவது சொன்னால் அவருக்கு முன்வரிசையில் வேலை கொடுக்க வேண்டாம்.

முதல் படி: தீ மலையேறும் விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

மனிதன் இறங்கும்போது வேகமாகப் போவான், ஏறும்போது மூச்சு வாங்குவான். தீ நேர்மாறு. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீ ஏறும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 20 டிகிரிச் சரிவில் சமதளத்தைப் போல நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. சமதளத்தில் நிமிர்ந்து எரியும் சுவாலை, சரிவில் முன்னால் இருக்கும் புல்லின் மேல் சாய்ந்துவிடும். அடுத்து எரிய வேண்டியதை முன்கூட்டியே காயவைத்து, சூடாக்கி, தயாராக வைத்திருக்கும். சூடான காற்று மேலே ஏறுவதும் சேர்ந்துகொள்ள, தீ தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும்.

1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மேன் கல்ச் பள்ளத்தாக்கில், 16 பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்று புல்சரிவில் மாட்டிக்கொண்டது. கீழே இருந்த தீ அவர்கள் பக்கம் தாவி மேலே துரத்தியது. அத்தனை பேரும் நல்ல உடல்வலு கொண்ட இளைஞர்கள்; முகட்டை நோக்கி ஓடினார்கள். குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடாமல் நின்று, எதிரே இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து போன சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். மற்றவர்களையும் கூப்பிட்டார். அவர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் பிடிபடவில்லை. 13 பேர் இறந்தார்கள். டாட்ஜும், பாறை இடுக்கு வழியாக முகட்டைத் தாண்டிய இருவரும் பிழைத்தார்கள். அந்த வித்தையை நீங்களும் செய்து பாருங்கள் என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலம்தான் பல நேரங்களில் பக்கத்தில் இருக்கும் ஒரே புகலிடம், மேல்நோக்கி ஓடுவது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி. இந்த இரண்டும் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும்.

நமக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் போனவர்கள் காய்ந்த புல் மண்டிய சரிவில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரிய மரங்கள் நின்று எரியும் காடுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறோம். இடுப்பளவு காய்ந்த புல் அதைவிட வேகமாக எரியும்.

அடுத்து காற்று. பகலில் வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேல்நோக்கி வீசும், இரவில் குளிர்ந்து கீழ்நோக்கி இறங்கும். திசை மாறும் அந்தி நேரத்தில் தீ எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பது கடினம். காலையில் புகை பள்ளத்தாக்கில் படுத்துக் கிடந்தால் தீ அடங்கிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். மேலே நிற்கும் வெப்பக்காற்று அடுக்கு புகையை அமுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். முற்பகலில் அந்த அடுக்கு உடைந்ததும் புகை நேராக எழும், கூடவே தீயும் எழும். இன்னொன்று: இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால், மலையின் நடுச்சரிவு அடிவாரத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். கீழே பனி இறங்கினாலும் நடுச்சரிவில் தீ இரவெல்லாம் விழித்திருக்கும்.

செங்குத்தான ஓடைப்பள்ளங்கள் வெப்பத்தை உறிஞ்சி மேலே அனுப்பும். தீ கீழே இருக்கும்போது அவற்றின் தலைப்பில் நிற்கவே கூடாது. இரு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாயும் அப்படித்தான், காற்று அங்கே குவிந்து பாயும்.

எந்த நாள் ஆபத்தான நாள் என்று அறிய எளிய கணக்கு ஒன்று பல நாடுகளில் புழங்குகிறது: வெப்பம் 30 டிகிரிக்கு மேல், காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். மூன்றும் கூடிவரும் நாளில் குழு ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது, குப்பை கொளுத்தக் கூடாது, வெல்டிங் வேலை வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: ஊரை நடந்து வரையுங்கள்

செயற்கைக்கோள் படத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். வறண்ட மாதத்தில் ஊரின் எல்லையைக் குழுவாக நடந்தே சுற்றுங்கள். படத்தில் தெரியாத விஷயங்கள்தான் முக்கியமானவை. பூட்டிய கேட்டின் சாவி யாரிடம்? இந்தச் சிறு பாலம் தண்ணீர் நிரம்பிய லாரியைத் தாங்குமா? எந்த இடத்தில் பெரிய வண்டி திரும்ப முடியும்? மின்கம்பி எங்கே மரக்கிளையைத் தொட்டுக்கொண்டு போகிறது? எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் தனியாக இருக்கிறார்? இவை ஒவ்வொன்றும் படத்தில் ஏற வேண்டும்.

ஊரைவிட்டு வெளியேறும் பாதைகளைத் தனி நிறத்தில் வரையுங்கள். ஒரே ஒரு சாலைதான் என்றால் அதைத் தெளிவாக ஒத்துக்கொண்டு, 'சாலை அடைபட்டால் எங்கே போவது' என்ற கேள்விக்கு ஊருக்குள்ளேயே விடை தேடுங்கள். 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தே பகுதியில் காட்டுத் தீயில் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தப்பிப் போகும் வழியில் சாலையிலேயே மாட்டிக்கொண்டவர்கள். அதற்குப் பிறகு, 2018-இல், அந்நாடு 'பாதுகாப்பான கிராமம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது: ஊருக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர், முன்பே குறித்துவைத்த புகலிடம், ஊர் முழுக்க ஒத்திகை. மலையூர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரிய பணமும் தேவையில்லை.

புகலிடத்துக்கு அளவு உண்டு. சுவாலையின் உயரத்தைப் போலக் குறைந்தது நான்கு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது சமதளத்துக்கும் காற்றில்லாத நேரத்துக்கும் உரிய கணக்கு. 5 மீட்டர் சுவாலை என்றால் எல்லாப் பக்கமும் 20 மீட்டர், அதாவது 40 மீட்டர் அகலமுள்ள வெற்று நிலம். சரிவும் காற்றும் சேர்ந்தால் இது போதாது. உழுத வயல், விளையாட்டு மைதானம், ஆடுமாடு மேய்ந்து மொட்டையான தரை, அகன்ற பாறை ஆகியவை ஏற்றவை. முகட்டின் உச்சியிலும் ஓடைப்பள்ளத்திலும் எவ்வளவு வெட்டவெளி இருந்தாலும் அதைப் புகலிடமாகக் குறிக்காதீர்கள்.

மூன்றாம் படி: ஆள் சேர்ப்பு

குழு என்றதும் மண்வெட்டி பிடிக்கும் இளைஞர்களை மட்டும் நினைக்கிறோம். உண்மையில் பாதிப் பேர் தீயின் பக்கமே போகத் தேவையில்லை. வாக்கி-டாக்கியில் உட்காருபவர், வண்டி ஓட்டுநர், பம்ப் தெரிந்தவர், முதலுதவி தெரிந்தவர், வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுபவர்கள், யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று பேரேடு வைப்பவர். கடைசியாகச் சொன்ன வேலைக்கு ஊரிலேயே மிகக் கறாரான ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவர் பெயர் எழுதாமல் யாரும் மலையேறக் கூடாது.

முன்வரிசைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பெருந்தொகையினரைக் கொல்வது தீக்காயமல்ல, மாரடைப்பு. அங்கே காட்டுத் தீ வேலைக்கு வைக்கும் நடைத் தேர்வில் சுமார் 20 கிலோ சுமையோடு 4.8 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து முடிக்க வேண்டும். அதுவும் சமதளத்தில். அதை முடிக்கச் சிரமப்படுபவர் மலையில் என்ன பாடுபடுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்தில் இருவர் இருந்தால் அவர்களை ஒரே அணியில் போடாதீர்கள்.

குழுவைத் தீயணைப்புத் துறையிடமும் வனத்துறையிடமும் பதிவு செய்து, காப்பீட்டுக்கு வழி கேட்டு, பயிற்சியும் அவர்களிடமே பெறுங்கள். சட்டமும் அனுமதியும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் யார் கட்டளை இடுவார், துறை ஆட்கள் வந்ததும் பொறுப்பு எப்படிக் கைமாறும் என்பதை அமைதியான நாளில் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தும். தீக்கு முன்னால் நின்று அதிகாரச் சண்டை போட்டால் நேரம்தான் போகும்.

நான்காம் படி: உடையும் கருவியும்

நைலான், பாலியெஸ்டர் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, உள்ளாடை உட்பட. சூட்டில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த பருத்தி அல்லது கம்பளி முழுக்கை, முழுக்கால் உடை, கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ், தோல் கையுறை, ஹெல்மெட், கண்ணாடி. முகத்துக்கு ஈரத்துணி கட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். சூட்டில் ஈரம் ஆவியாகி முகத்தையும் மூச்சுக்குழாயையும் சுடும். நல்ல துகள்வடிப்பு முகமூடி புகைத்தூளைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடை எந்த முகமூடித் துணியும் தடுக்காது. தலைவலி, குமட்டல், தடுமாற்றமான பேச்சு தெரிந்தால் அந்த ஆளை உடனே நல்ல காற்றுக்குக் கீழே அனுப்புங்கள். ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் கணக்கில் குடிதண்ணீர் வேண்டும்.

கருவிகளில் முதலிடம் மண்வெட்டிக்கும் சருகு வாரும் இரும்பு வாரிக்கும். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் கொத்தும் உள்ள 'புலாஸ்கி' உலகெங்கும் காட்டுத் தீக் குழுக்களின் கையில் இருக்கிறது. 1910-இல் அமெரிக்காவின் மேற்கே எரிந்த பெருந்தீயில் தன் ஆட்களைப் பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று, வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டி உள்ளேயே நிறுத்தி, பெரும்பாலோரைப் பிழைக்கவைத்த வன அதிகாரி எட் புலாஸ்கியின் பெயர் அது. உள்ளூர்க் கொல்லரிடம் சொன்னால் அதைப் போன்ற ஒன்றைச் செய்துகொடுப்பார். இவற்றோடு அரிவாள், மரமறுக்கும் ரம்பம், முதுகுப் பம்ப் நான்கைந்து. முதுகுப் பம்பில் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. சரிவில் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, தேவைப்பட்டால் கழற்றி எறியப் பழக வேண்டும். 1994 ஜூலையில் கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 14 வீரர்கள் இறந்தபோது, ஓடும்போதும் கருவிகளைக் கைவிடாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். பயிற்சியின்போதே 'போடு, ஓடு' என்று கத்திச் சொல்லிப் பழக்குங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீரை உயரத்தில் வையுங்கள்

மலை நமக்குத் தரும் ஒரே அனுகூலம் இது. தொட்டி ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு 'பார்' (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் தரும். ஊருக்கு மேலே 40 மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி இருந்தால், கரண்டும் இல்லாமல் டீசலும் இல்லாமல், குழாய் முனையில் நான்கு பார் கிட்டும். குழாயின் நீளத்தால் ஓரளவு குறையும். தீயில் முதலில் போவது மின்சாரம் என்பதால் இந்தத் தொட்டியின் மதிப்பு அன்றைக்குத்தான் தெரியும். குடிநீர்த் தொட்டியே என்றால், அதில் கடைசி ஒரு பங்கு தீக்கென்று எப்போதும் நிற்கும்படி ஊருக்குப் போகும் குழாயை அடிமட்டத்துக்குச் சற்று மேலே பொருத்துங்கள்.

பம்பை நம்புகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். அதிகபட்சம் 30 மீட்டர் உயரம் தள்ளும் பம்ப், சரியாக 30 மீட்டர் மேலே சொட்டுக்கூடத் தராது. உறிஞ்சும் உயரமும் மலையில் குறையும்; கடல் மட்டத்தில் 7 மீட்டர் ஆழத்திலிருந்து இழுக்கும் பம்ப், 2,000 மீட்டர் உயரத்தில் 5 மீட்டருக்கே திணறும். பெட்ரோல் எஞ்சினின் சக்தியும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து சதவீதம் இறங்கும். வாங்கும்போது ஒரு படி பெரியதாக வாங்குங்கள்.

இணைப்புகளைச் சரிபாருங்கள். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து குன்றுகளில் 25 பேரைக் கொன்ற தீயில், உதவிக்கு வந்த வெளியூர் வண்டிகளின் ஹோஸ்கள் அந்த நகரத்தின் தண்ணீர்க் குழாய் வாயில் பொருந்தவில்லை, அளவு வேறு. வரப்போகும் வண்டியின் இணைப்பு அளவை நிலையத்தில் கேட்டு, அதற்கேற்ற மாற்று இணைப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஆறாம் படி: வீடுகளைத் தயார்செய்வது

குழுவின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும் என்பது என் கருத்து. சீருடையும் பம்பும் தரும் கிளுகிளுப்பு சருகு வாருவதில் கிடையாது. ஆனால் தீ வரும் நாளில் குழுவால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்க முடியாது. வீடு தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும்.

பெரும் சுவாலை வந்து மோதித்தான் வீடு எரிகிறது என்று நினைப்போம். அமெரிக்க வன சேவையின் ஆய்வாளர் ஜாக் கோஹன் பல்லாண்டு ஆராய்ந்து காட்டியது வேறு. 30 மீட்டருக்கு அப்பால் எரியும் மரங்களின் வெப்பம் மட்டும் வீட்டைப் பற்றவைப்பது அரிது. வீட்டை அழிப்பவை பெரும்பாலும் காற்றில் பறந்து வரும் தீப்பொறிகளும், சருகு வழியே தவழ்ந்து வரும் முழங்கால் உயரத் தீயும்தான். பொறிகள் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். கூரை ஓர மழைநீர் வாய்க்காலில் தேங்கிய இலை, வாசலில் போட்ட தேங்காய்நார் மிதியடி, சுவரோடு அடுக்கிய விறகு, திறந்திருக்கும் வென்டிலேட்டர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். பக்கத்து மரம் பச்சையாக நிற்க வீடு மட்டும் சாம்பலாகிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சுவரிலிருந்து வெளிநோக்கி வேலை செய்யுங்கள். முதல் ஒன்றரை மீட்டருக்குள் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். மண், சரளை, சிமெண்ட் மட்டும் போதும். பூச்செடி ஆசை இருந்தால் அதைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்து 9 மீட்டர் வரை புல் கணுக்காலளவே இருக்க வேண்டும், புதருக்கும் புதருக்கும் இடைவெளி வேண்டும், மரத்தின் தாழ்ந்த கிளைகளைத் தலைக்கு மேல் உயரம்வரை கழித்துவிட வேண்டும். தரைத்தீ கிளையைப் பிடித்து உச்சிக்கு ஏறாமல் இருக்க அதுதான் வழி. பிறகு 30 மீட்டர் வரை சருகையும் செத்த மரத்தையும் அகற்றி அடர்த்தியைக் குறையுங்கள். வீட்டுக்குக் கீழே சரிவு இருந்தால் அந்தப் பக்கம் இந்தத் தூரத்தை இரு மடங்காக்கலாம், தீ அங்கிருந்துதான் ஏறி வரும். மரங்களையெல்லாம் வெட்டித் தரையை மொட்டையடிக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் மழைக்காலத்தில் மண் சரியும், வேறொரு பிரச்சினைக்குக் கதவு திறக்கும்.

கூரைக்கடியில் உள்ள காற்றுத் துளைகள் அனைத்துக்கும் 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை அடியுங்கள். பிளாஸ்டிக் கொசுவலை உருகிவிடும், அது கணக்கில் வராது. விறகை வீட்டைவிட்டுத் தள்ளி, சமமட்டத்தில் அல்லது மேல்பக்கத்தில் அடுக்குங்கள். கேஸ் சிலிண்டரைச் சுற்றி வெற்றுத்தரை இருக்க வேண்டும்.

வறண்ட பருவம் தொடங்கும் முன் ஊர் முழுக்க ஒரு நாள் ஒதுக்கி, முதியவர் வீடுகளில் குழுவே இந்த வேலையைச் செய்து கொடுப்பது நல்லது. பக்கத்து வீடு எரிந்தால் நம் வீடும் சேர்ந்து எரியும் என்பதால் இதில் தர்மம் பாதி, சுயநலம் பாதி.

ஏழாம் படி: வெளியேறும் ஏற்பாடு

ஊரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு இருவர் கதவு தட்டப் பொறுப்பு எடுக்க வேண்டும். கைபேசிக் கோபுரம் முதலில் விழும் சாத்தியம் இருப்பதால் மணி, சங்கு என்று மின்சாரம் தேவைப்படாத இன்னொரு சத்தம் கட்டாயம். எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் மலையூரைத் தீ விழுங்கி 85 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் வெளியேற்றத் திட்டம் இருந்தது, பகுதி பகுதியாக அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. ஆனாலும் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டியதாகிச் சாலைகள் திணறின. சீக்கிரம் கிளம்புவதற்கு மாற்று எதுவும் இல்லை. முதியவர், கர்ப்பிணி, நோயாளி, கைக்குழந்தை உள்ளவர்களைப் புகை தெரிந்த உடனேயே அனுப்பிவிடுங்கள். கால்நடைகளையும் அப்போதே ஓட்டிவிட வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு கெடு வையுங்கள்: தீ இன்ன முகட்டைத் தாண்டினால் ஊரே காலி. அந்த முகட்டிலிருந்து தீ ஊருக்கு வர, ஊர் வெளியேற எடுக்கும் நேரத்தைப் போல இரு மடங்காவது ஆக வேண்டும்.

வீட்டிலேயே தங்கிக் காப்பாற்றுவேன் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் தயார் நிலையில் இருந்து வீட்டைக் காப்பது அல்லது முன்கூட்டியே கிளம்புவது என்ற கொள்கை நெடுநாள் இருந்தது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் காட்டுத் தீயில் 173 பேர் இறந்தார்கள். பலர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். அதற்குப் பிறகு, மிக மோசமான தீ நாட்களில் கிளம்பிவிடுவது மட்டுமே பாதுகாப்பு என்று அங்கே அறிவுரை மாறியது.

கிளம்பும்போது சன்னல், கதவுகளைச் சாத்துங்கள், பூட்ட வேண்டாம். திரைச்சீலையைக் கழற்றுங்கள், வெளிவிளக்கு எரியட்டும், புகையில் வீடு இருப்பது குழுவுக்குத் தெரியும். வழியில் வண்டி மாட்டிக்கொண்டால் மரங்களற்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, சன்னல் மட்டத்துக்குக் கீழே படுத்து, கம்பளிப் போர்வையால் மூடிக்கொள்ள வேண்டும். இறங்கி ஓடக் கூடாது. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒளிவதும் ஆபத்து; தரைக்கு மேலே நிற்கும் தொட்டித் தண்ணீர் கொதித்துவிடும்.

எட்டாம் படி: தீ வந்துவிட்டது

முதலில் துறைக்குத் தகவல். பிறகே மண்வெட்டி. ஒருவர் பேசினால் போதும்: இடம், என்ன எரிகிறது, காற்றின் திசை, எந்தச் சாலை வழியாக வரலாம்.

பால் க்ளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்புக் குழுத் தலைவர் 1991-இல் நான்கு வார்த்தைச் சூத்திரம் ஒன்றைத் தந்தார்: காவல், தகவல், தப்பும் பாதை, புகலிடம். இந்த நான்கும் அமைந்த பிறகுதான் ஒரு குழு தீயை நெருங்கலாம். காவலாள் தீயும் குழுவும் ஒருசேரத் தெரியும் இடத்தில் நின்று பார்ப்பதை மட்டுமே செய்வார், மண்வெட்டி தொட மாட்டார். அவர் 'வெளியே வா' என்றால் விவாதம் கிடையாது. தப்பும் பாதை இரண்டு வேண்டும், அதை நடந்து பார்த்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று களைப்புற்ற ஆளின் வேகத்தில் கணக்கிட வேண்டும்.

அடுத்து, எங்கே தொடங்குவது? தீயின் தலைக்கு, அதாவது அது முன்னேறும் முனைக்கு, முன்னால் போய் நிற்காதீர்கள். சாலை, பாறை, ஓடை, எரிந்து முடிந்த நிலம் என்று தீ சுற்றி வர முடியாத ஒன்றைப் பிடித்து, வால்பக்கத்திலிருந்து இரு விலாப்பக்கமாக நகருங்கள். முழங்காலளவுத் தீயை ஊர்க் குழு பச்சைக்கிளையாலும் மண்ணாலும் தண்ணீராலும் நேரடியாக அடிக்கலாம். சுவாலை உங்கள் இடுப்பைத் தாண்டினால் அருகே போகாமல் தள்ளி நின்று தீத்தடுப்புக் கோடு போடுவதே புத்தி. அதைவிடப் பெரியதென்றால் அந்த வேலை உங்களுடையதே அல்ல. கதவு தட்டப் போங்கள்.

கோடு போடும்போது சருகு, புல், வேர் எல்லாவற்றையும் வாரி வெறும் மண் தெரிய வேண்டும். புல்லிலும் சிறு புதரிலும் அகலம் அங்குள்ள செடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. வாரியதை எரியாத பக்கம் கொட்டுங்கள். சரிவில் தீக்குக் கீழே கோடு போடுகிறவர்கள் அதைச் சற்று ஆழமான வாய்க்காலாக வெட்டி, தாழ்ந்த ஓரத்தில் மண்ணை அணைத்துக் கட்ட வேண்டும். எரியும் கட்டையும் பைன் மரக் கூம்புக்காயும் உருண்டு வந்து அதில் விழுந்து நிற்கும். வெறும் கோடாக விட்டால் ஒரே ஒரு கட்டை உங்களைத் தாண்டிக் கீழே உருண்டுபோய்ப் புதுத் தீ மூட்டும், அப்போது நீங்கள் தீக்கு மேலே நிற்பீர்கள்.

காற்று மாறும் என்று முன்னறிவிப்பு இருந்தால் விலாப்பக்கமும் பாதுகாப்பில்லை. 1998 டிசம்பர் 2 அன்று விக்டோரியாவின் லின்டனில் ஐந்து தன்னார்வலர்கள் வண்டியோடு எரிந்துபோனது அப்படித்தான்; காற்று திசை திரும்பியதும் பக்கவாட்டுத் தீயே தலையாகிவிட்டது. வண்டித் தொட்டியின் கடைசித் தண்ணீர் குழுவின் உயிருக்கு, தீக்கல்ல. எப்போதும் ஒரு பங்கை மிச்சம் வையுங்கள்.

எதிர்த்தீ வைப்பதை, அதாவது வரும் தீக்கு எதிரே நாமே தீ வைத்து அது எரிக்க எதுவும் இல்லாமல் செய்வதை, பயிற்சியும் அதிகாரமும் உள்ளவர்களிடம் விடுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள், தண்ணீரும் அடிக்காதீர்கள். மணிக்கொரு முறை தலை எண்ணுங்கள்.

ஒன்பதாம் படி: கடைசித் தணல் வரை

சுவாலை போனதும் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். மேலே சொன்ன ஓக்லாந்துத் தீ, முந்தின நாள் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு சிறு தீயின் தணலிலிருந்து மறுநாள் காற்றில் எழுந்தது. மிச்ச வேலைதான் உண்மையில் ஊர்க் குழுவின் பலம்: நேரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, இடம் தெரியும்.

கோட்டின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வாருங்கள். கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு ஓரங்குலம் மேலே மெதுவாக நகர்த்துங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கை சூட்டைச் சீக்கிரம் உணரும், சுட்டாலும் வேலை செய்யும் தோல் தப்பும். சூடு தட்டும் இடத்தைத் தோண்டி, தண்ணீர் ஊற்றி, மண்ணோடு பிசைந்து, மறுபடி புறங்கை. வெறும் மண்ணைப் போட்டு மூடினால் தணல் உள்ளே தூங்கும், அணையாது. வெண்சாம்பல் குழி விழுந்திருந்தால் கீழே வேர் எரிகிறது என்று பொருள். அங்கே கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். வேர் வழியே நெருப்பு கோட்டுக்கு அடியில் ஊர்ந்து மறுபக்கம் முளைக்கக்கூடும், வாரக் கணக்கிலும் காத்திருக்கும். அடிமரம் பாதி எரிந்து நிற்கும் மரங்களின் கீழே யாரும் ஓய்வெடுக்கக் கூடாது, சத்தமில்லாமல் விழும். வெயில் ஏறும் மதிய நேரத்தில் ஒரு வாரமாவது சுற்றி வாருங்கள்.

பத்தாம் படி: தீக்குப் பிறகு வரும் மழை

கருகிய சரிவு தண்ணீரை உறிஞ்சாது. பிடித்துக்கொள்ள வேரும் இல்லை. கலிஃபோர்னியாவின் மான்டெசிட்டோ ஊருக்கு மேலே 2017 டிசம்பரில் மலை எரிந்தது. 2018 ஜனவரி 9 அதிகாலையில் பெய்த கனமழையில் சேறும் பாறையும் இறங்கி வந்து 23 பேரைக் கொன்றன. தீயை வென்ற ஊர் மழையில் தோற்கும் ஆபத்து எந்த மலைக்கும் உண்டு.

ஆகவே தீ அணைந்த வாரத்திலேயே வடிகால் குழாய்களையும் சிறு பாலங்களின் கண்களையும் கட்டை, கரி இல்லாமல் அள்ளுங்கள். எரிந்த மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் படுக்கவைத்து, மண்ணில் பாதி புதையும்படி முளையடித்து நிறுத்தினால் மண் ஓரளவு தங்கும். ஓடைக்கரை வீடுகளுக்குப் புதுப் பட்டியல் எழுதுங்கள். தீக்குக் கதவு தட்டிய அதே இருவர் மழைக்கும் தட்டட்டும். மழைமானி ஒன்றை எரிந்த சரிவின் அடியில் வைத்து, கனமழை எச்சரிக்கை வந்த இரவுகளில் முறைவைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊர் என்றால், சாம்பல் கலந்த நீரைச் சோதித்து முடிக்கும்வரை வேறிடத்துத் தண்ணீரையே பயன்படுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் குழாய்களை மாற்றிய பிறகே தொட்டியைத் திறக்க வேண்டும்.